நீல அட்டை போட்ட வருடம்

1

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வளர்ந்த பெனடிக்ற் இப்போது அங்கே கோயிலின் பங்குப் பத்திரிகை ஒன்றை நடத்துகிறான். தவக்கால இதழுக்கு லண்டனில் இருந்து கட்டுரை ஒன்று வேண்டும் என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டிருந்தான். தலைப்பையும் அவனே தந்துவிட்டான்: புலம்பெயர் நாட்டில் விசுவாசத்தை ஆழப்படுத்தும் அன்றாடப் பயிற்சிகள். அதற்குக் கீழே குடும்ப செபம், வேதாகம வாசிப்பு, ஒருசந்தி, ஆன்ம சோதனை, பிறரன்பு என்று ஐந்து சிறு தலைப்புகள். "நீங்கள் இடையை நிரப்பினால் காணும், அக்கா. உங்கட வீட்டுச் செபத்தைப் பற்றி அம்மா எல்லாருக்கும் சொல்லித் திரியிறவ" என்றான்.

தம்பி, உன்னுடைய ஐந்து தலைப்பையும் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் வை. எங்கள் வீட்டில் குடும்ப செபம் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. அது எப்படி நின்றது என்பதை எழுதுகிறேன், விருப்பம் இருந்தால் போடு. இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தை நீ வெட்டித் திருத்தினாயோ, அடுத்த முறை ஊருக்கு வரும்போது உன் வாசலில் வந்து நிற்பேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் மகள் ஷரோனுக்கு, பதினொரு வயது, இடைநிலைப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. நாங்கள் ஆசைப்பட்ட அதே கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்கூடம். அன்றைக்கு எனக்கு லீவு. யூட், என் கணவர், தன் வான் வண்டியை வாசலில் விட்டுவிட்டு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெழுகுதிரியைத் தேடி எடுத்து மாதா சுரூபத்துக்கு முன்னால் கொளுத்தினேன். திரியில் தூசி படிந்து கிடந்ததில் பற்ற நேரமெடுத்தது.

"ஷரோன், வா அம்மா, முழங்காலிலை இரு. நன்றிக்கு ஒரு செபமாலை சொல்லுவம்" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். வீட்டில் அவள் வாயில் தமிழ் வருவது அருமை. அன்றைக்கென்று நல்ல தமிழில் சொன்னாள்: "இனி ஏன் அம்மா? அதுதான் கிடைச்சிட்டுதே."

துடுக்குத்தனமாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் கட்டியாயிற்றே, பிறகேன் மறுபடியும் கட்ட வேண்டும் என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். யூட் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே ரத்தம் கொதித்தது. கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, மாதா காப்பாற்றினா. அடித்திருக்க வேண்டியது என்னைத்தான்.

2

உன் அம்மா பெருமையாகச் சொல்லும் எங்கள் வீட்டுச் செபம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா கடலில் இருந்து வந்து முழுகிவிட்டு ஏழு மணிக்குப் பாயை விரிப்பார். ஆறு பிள்ளைகள் சீமெந்து நிலத்தில் முழங்கால். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் செபம் சொல்லுவார், ஆனால் யார் தூங்கி விழுகிறது என்று எப்படியோ தெரிந்துவிடும். பக்கத்தில் பூவரசம் தடி. செபம் முடியாமல் சோறு இல்லை. சின்னண்ணா எனக்குப் பின்னால் இருந்து நுள்ளுவான், நான் கத்தினால் அடி எனக்கு. எனக்குப் பிள்ளை பிறந்தால் இந்த அநியாயத்தைச் செய்யமாட்டேன் என்று மாதாவிடமே சத்தியம் செய்திருக்கிறேன். அதுவும் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையின் நடுவில்.

கலியாணம் கட்டி லண்டன் வந்து, முதல் மாரி காலம். ஒரு அறை. யூட் வேலைக்குப் போனால் பேச ஆளில்லை. வெளியே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. ஒரு நாள் ஏழு மணி ஆகும்போது என் வாய் தன்பாட்டில் செபத்தைத் தொடங்கிவிட்டது. நான் பக்தியாகத் தொடங்கவில்லை, அப்பா தடியால் உள்ளே தள்ளியது அங்கேயே கிடந்திருக்கிறது. சொல்லி முடித்தபோது பசித்தது. அந்த வாரத்தில் முதல் முறையாகச் சமைத்துச் சாப்பிட்டேன்.

ஷரோன் பிறந்த பிறகு அதை மூன்று பேரும் சொன்னோம். தடி இல்லை. முழங்கால் நொந்தால் கதிரையில் இருக்கலாம். இருபது நிமிடம்தான். முடிவில் ஒவ்வொருவரும் இன்றைக்கு யாருக்காகச் செபிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது மட்டும் நான் வைத்த சட்டம். அப்பாவின் செபத்தில் அது இருந்ததில்லை. நாலு வயதில் ஷரோன் பக்கத்து வீட்டுப் பூனையின் காலுக்காகச் செபித்தாள். ஏழு வயதில், வகுப்பில் தலைமயிர் கொட்டிப்போன ஒரு பிள்ளைக்காக. எட்டு வயதில் ஒரு நாள், "என்னோட கதைக்காமல் விட்ட எமிலிக்கு" என்றாள். அப்போதுதான் எமிலி கதைக்காமல் விட்டது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் 'நத்திங்' என்று சொல்லும் பிள்ளை, மாதாவுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன். எனக்கு விசுவாசத்தை ஆழப்படுத்திய அன்றாடப் பயிற்சி அதுதான், பெனடிக்ற். வேறொன்றும் எனக்குத் தெரியாது.

3

இரண்டு இலையுதிர் காலத்துக்கு முன், ஷரோன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தின் படிவம் கைக்கு வந்தது. எல்லாரும் கவுன்சிலுக்குக் கொடுக்கும் படிவம் வேறு, இது வேறு. இந்தக் குடும்பம் பூசைக்கு ஒழுங்காக வருகிறது என்று பங்குத் தந்தை கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. நாங்கள் பூசைக்குப் போகாத சனமா?

நாங்கள் போனது தமிழ்ப் பூசைக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பின்னேரம், அப்டன் பார்க் பக்கத்தில் ஒரு கோயிலில். எங்கள் கிங்ஸ்பரி வீட்டில் இருந்து ரயில் மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல். காலையில் வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு, யூனிபோமைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகு அவளையும் இழுத்துக்கொண்டு, பன்னிரண்டு வருடம் போயிருக்கிறோம். முடிந்ததும் கிரீன் ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வருவோம். அந்தத் தமிழ்ச் சாமியிடம் படிவத்தை நீட்டினேன்.

அவர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பிள்ளை, நான் இஞ்சை பங்குச் சாமி இல்லை. வந்து பூசை வைச்சிட்டுப் போறன், அவ்வளவுதான். இதிலை கையெழுத்து வைக்க எனக்கு ஏலாது. உங்கட வீட்டுக்குக் கிட்டடிக் கோயிலிலை பதிஞ்சிருக்கிறியளோ?"

"பதியிறதோ? கோயிலிலை என்னத்தைப் பதியிறது, ஃபாதர்?"

அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். அந்த மாதத்தில் நான் ஆறாவது ஆளாம். எங்கள் சனம் முழுக்க விடும் பிழை இது. ஊரில் ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் ஏறினால், சாகும்வரை அது காணும். நாங்கள் யார் பிள்ளை, எந்தக் கோயில், போன ஞாயிறு பூசையில் அப்பம் வாங்கி நன்மை எடுத்தோமா இல்லையா என்பதெல்லாம் தெரு ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஒருத்தி நன்மை எடுக்காமல் இருந்தால் பொழுதுபடுவதற்குள் காரணமும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கண்கள் எனக்குப் பிடிக்காது, பிடித்ததென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் லண்டனில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

வீட்டுக்குக் கிட்டடிக் கோயிலுக்கு ஓடினேன். அலுவலகத்தில் மோரீன் என்று ஒரு வயதான பெண்மணி, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. நல்ல மனிசி. நல்ல மனிசர்களோடு சண்டை பிடிப்பதைப் போலக் கஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கள் பெயர் எங்கேயும் இல்லை என்று மூன்று தரம் கணினியில் தேடிக் காட்டினாள். இப்போதைய நிலையில் 'எப்போதாவது வருகிறவர்கள்' என்ற கட்டத்தில்தான் பங்குத் தந்தை அடையாளம் போடலாம், அந்தக் கட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது என்றாள்.

"நாங்கள் எப்போதாவது கும்பிடுகிறவர்கள் இல்லை. ஒவ்வொரு நாளும், வீட்டில், ஏழு மணிக்கு, முழுச் செபமாலை. கிறிஸ்மஸ் அன்றைக்கும். காய்ச்சலோடும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

அவளுடைய முகம் மலர்ந்தது. மனதார மலர்ந்தது. "எவ்வளவு அழகான விஷயம்" என்றாள். பிறகு படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனால் அதற்கு இங்கே கட்டம் இல்லையே" என்றாள்.

பின்பக்கத்தில் 'வேறு விபரங்கள்' என்று ஒரு இடம் இருந்தது. அதில் எழுதலாமா என்று கேட்டேன். அது பிள்ளைக்கு நோய், வருத்தம் ஏதும் இருந்தால் எழுதுவதற்காம்.

படிவம் கொடுப்பது அடுத்த வருடம். அதற்கு இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது, இப்போது தொடங்கினால் சரிவரும் என்று சொல்லி மோரீன் எனக்கு ஒரு நீல அட்டை தந்தாள். எங்கள் குடும்பப் பெயரும் ஒரு இலக்கமும். ஞாயிறு காலை பத்து மணிப் பூசைக்கு வரும்போது வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போட வேண்டும். பூசை முடிய எடுத்துப் பதிந்துவிட்டு அடுத்த கிழமை திருப்பித் தருவார்கள். சனிக்கிழமைப் பின்னேரப் பூசைக்கு வந்தால் ஆகாதா என்று கேட்டேன். வரலாம், தாராளமாக வரலாம், ஆனால் அன்றைக்குப் பெட்டி வைப்பதில்லை, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. யேசு சனிக்கிழமை வருகிறார், பெட்டி வருவதில்லை.

4

ஞாயிறு காலை லீவு கேட்டு மனேஜரிடம் போனேன். அவள் சுழற்சி அட்டவணையை எடுத்து, பென்சிலால் தட்டித் தட்டி யோசித்தாள். ஞாயிறு காலை தரலாம், பதிலுக்குக் கிழமை நாட்களில் லேட் ஷிப்ட் எடு என்றாள். பின்னேரம் இரண்டில் இருந்து ஒன்பதரை. நான் உடனே ஓம் என்றேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஏழு மணி எங்கே போயிற்று என்று யோசித்தேன்.

"நான் சொல்லுவிக்கிறன். நீர் ஏன் யோசிக்கிறீர்?" என்றார் யூட். முதல் கிழமை சொல்லுவித்தார். இரண்டாம் கிழமை போனில் யாரோ பாடிச் சொல்லும் செபமாலையை ஓடவிட்டுவிட்டு அவர் உருளைக்கிழங்கு வெட்டினாராம், ஷரோன் படம் கீறினாளாம். மூன்றாம் கிழமை நான் வேலையில் இருந்து எடுத்துக் கேட்டபோது, "இண்டைக்கு நேரமில்லை, இஞ்சை பாரும், கோம்வேர்க் கனக்க" என்றார். நான் அவரை ஏசியிருக்கலாம். நான் சொன்னது: "பரவாயில்லை, ஞாயிறு போறம்தானே."

அந்த வசனம் யாருடையது என்று கேட்டால் என்னுடையது. மோரீன் சொல்லவில்லை, பங்குத் தந்தை சொல்லவில்லை. இல்லத்தின் கொரிடோரில் நின்று, கையுறையைக் கழற்றிக்கொண்டு நானே சொன்னேன்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. ஒரு ஞாயிறு பிரசங்கம் நடக்கும்போது அட்டை என் மற்றக் கோட்டுக்குள் இருப்பது ஞாபகம் வந்தது. யூட்டின் விலாவில் இடித்து, "ஓடுங்கோ" என்றேன். மனிசன் மழைக்குள் வீட்டுக்கு ஓடி, அட்டையோடு திரும்பி வந்து, நனைந்து ஒழுக ஒழுகப் பெட்டிக்குள் போட்டார். அதற்குள் நன்மை கொடுத்து முடிந்துவிட்டது. அவருக்கு நன்மை இல்லை, அட்டை விழுந்துவிட்டது, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இன்னொரு ஞாயிறு ஷரோனுக்குக் கடும் காய்ச்சல். பனடோல் கொடுத்துக் கொண்டுபோய்க் கடைசி வாங்கில் என் கோட்டால் மூடிப் படுக்கவைத்தேன். காய்ச்சலோடும் செபிக்கிற குடும்பம் என்று மோரீனிடம் பெருமையடித்தேனே, அதுதான் இது.

மற்றவர்களைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அட்டையைப் போட்டுவிட்டுப் பக்கக் கதவால் காருக்குப் போய்ப் போன் பார்க்கும் தகப்பன்மார். ஒரு வருடம் முன்வாங்கில் இருந்து, கையெழுத்துக் கிடைத்த கையோடு காணாமல் போகிற குடும்பங்கள். "வெக்கம் கெட்டதுகள்" என்று யூட்டின் காதுக்குள் சொல்லுவேன். பூசைக்குள் இருந்துகொண்டு.

ஷரோன் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள். ஞாயிறு காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டே அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அம்மா, கார்ட் எடுத்தியளோ?" நான் அவளைப் பாராட்டினேன்.

5

அக்டோபர் கடைசியில் பங்குத் தந்தை கையெழுத்து வைத்தார். 'ஒவ்வொரு வாரமும்' என்ற கட்டத்தில் அழகான ஒரு அடையாளம். அதற்கு அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் பத்து மணிவரை நித்திரை. அதற்கடுத்த ஞாயிறும். களைப்பு என்று சொல்லிக்கொண்டோம். தமிழ்ப் பூசையும் விட்டுப்போயிற்று, அவ்வளவு தூரம் யார் போவது? வெட்கம் கெட்டதுகள் என்று நான் யாரைச் சொன்னேனோ அவர்களில் ஒருத்தியாக இருக்க எனக்கு ஒரு கிழமைதான் எடுத்தது.

எங்களுக்கும் அடுத்த வீட்டுச் சாந்தியக்காவுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அவ சைவம், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துத் தேவாரம் படிப்பா, எங்களுக்குக் கேட்கும். மார்கழியில் ஒரு நாள் குப்பை வாளி உருட்டும்போது கேட்டா: "ஏன் பிள்ளை, இப்ப உங்கட வீட்டிலை பின்னேரச் சத்தம் ஒண்டும் கேக்கிறேல்லை? ஆருக்கும் சுகமில்லையோ?"

"எனக்கு லேட் ஷிப்ட், அக்கா."

"ஓ. நான் உங்கட செபம் முடியத்தான் இவருக்குப் புட்டு அவிக்கிறது. இப்ப நேரம் தெரியாமல் கிடக்கு" என்றுவிட்டுப் போய்விட்டா. மரப்பெட்டி வைத்துப் பதிந்த கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. கந்தசுவாமியைக் கும்பிடுகிற மனிசிக்குத் தெரிந்திருக்கிறது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஷரோன் இப்போது பரவாயில்லை, மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றார் ஆசிரியை. இப்போது என்றால், முன்பு எப்படி என்று கேட்டேன். போன வருடம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகத்தான் இருந்தாள், மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள், நாங்கள் கவனித்துச் சரிசெய்தோம், உங்களுக்குத் தெரிந்திருக்கும்தானே என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். பொய்.

பஸ்ஸில் ஷரோனைப் பிடித்தேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பாதி இங்கிலீசில் சொன்னாள்: "எப்ப சொல்லுறது, அம்மா? வென்?"

183ஆம் இலக்க பஸ்ஸில் எனக்கு நடந்தது பெரிய ஆன்ம சோதனை, பெனடிக்ற். உன் நாலாவது தலைப்பு.

6

ஒருசந்தி நோன்பைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். இந்தத் தவக்காலத்துக்கு ஷரோன் சொக்லேட்டை விட்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளைக்கும் வகுப்பில் ஒரு ஸ்டிக்கர். நாற்பது ஸ்டிக்கர் சேர்ந்தால் உயிர்த்த ஞாயிறு முடிய பெரிய சொக்லேட் முட்டையாம். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"இனி ஏன் அம்மா" என்று அவள் கேட்ட கிழமை முழுக்க எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைக்கமாட்டேன். வெளியே போய்க்கொண்டிருந்த கிழவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நுழைந்து முழங்காலில் இருந்தேன். பங்குத் தந்தை மறுபக்கம் இருமினார். அவர் பேசியது இங்கிலீசில், நான் எங்கள் பாஷையில் தருகிறேன்.

"ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் செபம் இல்லை, ஃபாதர். அதில் ஒரு வருடம் நான் உங்கள் கோயிலுக்கு ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன். அட்டை போட வந்தேன். நவம்பரில் இருந்து வரவில்லை."

"தெரியும்" என்றார்.

"தெரியுமென்றால் பிறகேன் கையெழுத்து வைத்தீர்கள்?" என் குரல் கூடிவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "ஒவ்வொரு நாளும் செபித்தபோது எங்களுக்குக் கட்டம் இல்லை என்றீர்கள். செபத்தை விட்ட வருடத்தில் நாங்கள் நல்ல கத்தோலிக்கர் என்று கையெழுத்து. இது எந்த ஊர் நியாயம்?"

"வாசலால் வருகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். உங்கள் வீடு எனக்குத் தெரியாது" என்றார்.

"நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு தரம். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று."

"ஓம்" என்றார். "கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். விளக்கம் இல்லை, சமாதானம் இல்லை. எனக்குச் சண்டையைக் கொண்டுபோக வழியில்லாமல் போய்விட்டது. கோபத்தை வைத்துக்கொண்டு அந்த இருட்டுப் பெட்டிக்குள் இருந்தேன். அப்போதுதான், கேட்காமல் விட்டது அவர் மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக என் பிள்ளை தனியாக இருந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் அவளிடம் கேட்டது சப்பாத்துத் துடைத்தாயா, தலை வாரி இழுத்தாயா.

"என் பிள்ளைக்குச் செபத்தைக் கூலியாகப் பழக்கிவிட்டேன், ஃபாதர். அதற்கும் சேர்த்துப் பொறுத்தல் கேட்கிறேன்" என்றேன். கோபத்தில் அழுதேன். அவர் பாவமன்னிப்புத் தந்து, பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பத்துத்தானா என்று கேட்டேன். பத்துப் போதும் என்றார்.

7

அந்தப் பத்தையும் கோயிலில் சொல்லாமல், "சுவாமி பத்துத்தானாம்" என்று புறுபுறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யூட் வேலையில். மேலே ஷரோனின் அறைக் கதவு பூட்டியிருந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்ட பதில் காணும். கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் முழங்காலில் இருந்து, சத்தமாக, தமிழில் தொடங்கினேன். பக்தி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு மந்திரத்தையும் யாரோடோ வாக்குவாதம் செய்கிற மாதிரித்தான் சொன்னேன். செபமாலையைக் கையில் எடுக்கவில்லை, விரலும் மடிக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனேன்.

"அம்மா." மாடிப்படியில் இருந்து குரல். "நீங்கள் பத்துக்குக் கூடச் சொல்லிட்டியள்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "மேலை இருந்து கணக்கெடுக்கிறியோ? உனக்கும் ஒரு பெட்டி வாங்கித் தரட்டோ?"

"கணக்கெடுக்கேல்லை" என்றாள். அவள் குரலும் ஏறியது, என் பிள்ளைதானே. "சுவாமி பத்துத்தான் சொன்னவரெண்டு நீங்கள்தான் வரேக்கை கதவடியிலை புறுபுறுத்தனீங்கள். நானும் சேந்து சொன்னனான். எனக்கு முடிஞ்சுது, நீங்கள் நிப்பாட்டேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். படியின் நடுவில், முழங்காலை மடித்து, கம்பிக்குப் பின்னால் இருந்தாள். எப்போது கதவைத் திறந்து வந்தாள் என்று தெரியாது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகும் அவளுக்கு ஒரு சொல் மறக்கவில்லை.

"கீழை வாவன்" என்றேன். கெஞ்சுவது போலத்தான் வந்தது.

"வந்து?"

"ஆருக்காக எண்டு சொல்லேல்லையே, நீ."

அவள் எழும்பவில்லை. யோசித்தாள். "இண்டைக்குச் சொன்னால், திங்கட்கிழமை உங்களுக்கு லேட் ஷிப்ட். செவ்வாயும் லேட். புதனும். வியாழனும்" என்றாள். என் அட்டவணை அவளுக்கு மனப்பாடம். "பிறகு நான் ஆரிட்டைச் சொல்லுறது?"

போனை எடுத்தேன். முழங்காலில் இருந்தபடியே மனேஜரின் இலக்கத்தை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, சனிக்கிழமை பின்னேரம் அவள் எடுக்கவேமாட்டாள். எடுக்கும்வரை வைப்பதில்லை என்று காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷரோன் இரண்டு படி கீழே இறங்கி வந்து இருந்துகொண்டு, மனேஜர் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கக் காத்திருந்தாள்.